ஐந்தாம் வகுப்பு பேண்டை நிறுத்தப் போகிறார்கள்: ஸ்கூல் போர்டு மீட்டிங்கில் என்ன பேசினால் எடுபடும்?

குற்றால_சாரல்
12 பிப்ரவரி 2025, இரவு 10:40

வணக்கம். நாங்கள் கலிபோர்னியாவில், பே ஏரியாவின் கிழக்குப் பக்கம் இருக்கிறோம். டிஸ்ட்ரிக்ட் (ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) பெயரைச் சொல்லவில்லை. அதை நடத்தும் போர்டின் உறுப்பினர் ஒருவர் எங்கள் தெருக்காரர், தினமும் நாயோடு எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறார்.

பையன் ஐந்தாம் வகுப்பு. செப்டம்பரில் பள்ளி பேண்டில் சேர்ந்து கிளாரினெட் எடுத்தான். வாரத்துக்கு இரண்டு நாள், நாற்பது நிமிடம். தனி அறையெல்லாம் கிடையாது. மதியச் சாப்பாட்டு மேஜைகளை மடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு அதே கூடத்தில் வகுப்பு. டீச்சர் ஒருவரே மூன்று பள்ளிகளுக்குப் போகிறார், கார் டிக்கி நிறைய ஸ்டாண்டுகளோடு. முதல் இரண்டு மாதம் வீட்டில் வாத்துச் சத்தம்தான். ஜனவரியில் ஒருநாள் கீழ் ஸ்தாயியில் ஒரு நீள மூச்சு பிசிறில்லாமல் வந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா கையில் கரண்டியோடு ஹாலுக்கு வந்து, "ஏ.கே.சி. நடராஜன் வாசிக்கிற வாத்தியம்லா இது!" என்றார். அம்மா பாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அதுவரை அதை 'பீப்பீ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் டிஸ்ட்ரிக்டிலிருந்து மெயில் வந்தது. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுகிறதாம். வெட்டப்போகும் பட்டியலில் நான்காவது வரி: நான்காம், ஐந்தாம் வகுப்பு வாத்திய இசை, மூன்று ஆசிரியர்கள். 25-ம் தேதி செவ்வாய்க்கிழமை போர்டு மீட்டிங்.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு கொதிக்கிறது. ஆன்லைன் மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். இப்போது எல்லோரும் நேரில் வந்து பேசச் சொல்கிறார்கள். நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம். ஓட்டு கிடையாது. ஓட்டில்லாதவர் போய் மைக் முன்னால் நிற்கலாமா, விசாவுக்கு ஏதும் வில்லங்கம் வருமா? நின்றாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தானாம். இசை படித்தால் மூளை வளரும், கணக்கு வரும் என்று கூகுளில் தேடி எட்டுப் பக்கம் எடுத்து வைத்திருக்கிறேன். இதைத்தான் படிக்க வேண்டுமா?

இன்னொன்று. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி பார்க்கிங்கில் இதைச் சொன்னபோது ஒரு தோழி, "அதான் பாட்டு கிளாஸ் போறான்ல, ஸ்கூல்ல வேற எதுக்கு?" என்றார். சட்டென்று பதில் வரவில்லை எனக்கு. அதுதான் நான்கு நாளாக உறுத்துகிறது.


டிராம்போன்_அப்பா
13 பிப்ரவரி 2025, காலை 6:15

முதலில் அந்த எட்டுப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள், அம்மா. 2010-ல் எங்கள் ஊர் போர்டில் நான் அதைத்தான் படித்தேன். மூளையின் இடப்பக்கம், வலப்பக்கம், மொஸார்ட் எல்லாம் வந்தது. போர்டு தலைவி கனிவாகச் சிரித்தார். இன்னொருவர் போன் பார்த்தார். என் மகள் பின்வரிசையில் டிராம்போன் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா, நீங்க என்னைப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே" என்றாள். அவளுக்கு இப்போது 26 வயது, இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

விசா விஷயம். தாராளமாகப் போகலாம். கலிபோர்னியாவில் பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஊராட்சி முதல் ஸ்கூல் போர்டு வரை எல்லாக் கூட்டங்களுக்கும் அதுதான் விதி. பொதுமக்கள் பேச இடம் கொடுத்தே ஆக வேண்டும், குடியுரிமை ஒரு நிபந்தனையே இல்லை. உள்ளே வர, பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஆயிற்று என்று யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஓட்டு மட்டும் வேறு கதை. சான்ஃபிரான்சிஸ்கோ நகரத்தில் 2016-ல் ஒரு தீர்மானம் ஜெயித்து, குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப் போட வழி வந்தது. அதைக் கேள்விப்பட்டு உங்கள் ஊரிலும் போய்ப் பதிந்துவிடாதீர்கள். விசாக்காரர்களுக்கு உண்மையான வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு சங்கதி அந்தச் சட்டத்தில் உண்டு, பலருக்குத் தெரியாது. பேசுகிறவர் வேற்றுமொழியில் பேசி மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டால், நேரக் கட்டுப்பாடு இருக்கும் கூட்டத்தில் அவருக்கு இரட்டிப்பு நேரம் தர வேண்டும். உங்கள் வீட்டிலேயே ஒரு பாட்டு டீச்சர் இருக்கிறார் என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள்.

தேதி ரொம்ப முக்கியம். ஆசிரியர்களை வேலையிலிருந்து எடுப்பதென்றால் மார்ச் 15-க்குள் முதல் நோட்டீஸ், மே 15-க்குள் இறுதி நோட்டீஸ். அதனால்தான் பிப்ரவரி கடைசியில் இந்த அவசரம். பட்ஜெட் ஜூனில்தானே நிறைவேறும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காரியம் கெட்டது. அஜெண்டாவைக் கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் ஒட்ட வேண்டும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு போடுவார்கள். அதில் 'இசை' என்று தேடினால் கிடைக்காமலும் போகலாம். 'குறிப்பிட்ட வகைச் சேவைகளைக் குறைப்பது அல்லது நிறுத்துவது' என்று தீர்மானத் தலைப்பு இருக்கும். உள்ளே அட்டவணையில் மூன்று பதவி, அல்லது 2.6 பதவி (0.6 என்றால் பகுதி நேர வேலை) என்று ஒரு சின்ன எண். உங்கள் பையனின் கிளாரினெட் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

இனி பணம். 2022 நவம்பரில் மாநில மக்கள் 28-ம் தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தார்கள். புது வரி இல்லாமல், பள்ளிக் கல்விக்கு மாநிலம் தந்தே ஆக வேண்டிய தொகையில் 1 சதவீத அளவுக்குக் கூடுதலாக, கலைக்கும் இசைக்கும். வருடத்துக்கு ஏறக்குறைய நூறு கோடி டாலர். 2023-24-லிருந்து வந்துகொண்டிருக்கிறது. 500 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள டிஸ்ட்ரிக்டுகள் அதில் 80 சதவீதத்தை ஆள் போடத்தான் செலவழிக்க வேண்டும். முக்கியமான நிபந்தனை, ஏற்கெனவே செலவழித்துக்கொண்டிருந்ததற்கு மேல்தான் இதைச் சேர்க்கலாம். பழைய செலவை வெட்டிவிட்டு அந்த ஓட்டையை இதை வைத்து அடைக்கக் கூடாது. லாஸ் ஏஞ்சல்ஸில் அப்படி நடந்துவிட்டது என்று இந்த மாதம்தான் வழக்குப் போட்டிருக்கிறார்கள். போட்டவர்களில் ஒருவர் ஆஸ்டின் பியூட்னர், அதே டிஸ்ட்ரிக்டின் முன்னாள் சூப்பரின்டெண்டென்ட், 28-ம் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. தீர்ப்பு எப்படிப் போகுமோ, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எது என்று நமக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் அந்தப் பணத்தில் எத்தனை ஆள் போட்டோம், எத்தனை பள்ளியில், எத்தனை பிள்ளைகளுக்கு என்று ஆண்டறிக்கை தயாரித்து, போர்டு ஒப்புதலோடு வெப்சைட்டில் போட வேண்டும். அதைத் தேடி எடுங்கள். உங்கள் ஒரு நிமிடத்துக்கு அது போதும்: "28-ம் தீர்மானப் பணம் நம் பள்ளிக்கு இவ்வளவு வந்திருக்கிறது. பொது நிதியிலிருந்து இசைக்குப் போன வருடம் எவ்வளவு, அடுத்த வருடம் எவ்வளவு?" கேட்டுவிட்டு உட்காருங்கள். மீதியிருக்கும் முப்பது நொடியில் பையனைப் பற்றிச் சொல்லுங்கள். நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள்.


கணக்குப்பிள்ளை
13 பிப்ரவரி 2025, மதியம் 1:05

எல்லோரும் ஒரே பக்கம் பேசினால் நன்றாக இருக்காது, நான் மறுபக்கம் நிற்கிறேன். திட்டுங்கள், பரவாயில்லை.

மாநிலப் பணம் பள்ளிக்கு வருவது தினசரி வருகைக் கணக்கில். கலிபோர்னியா அரசுப் பள்ளிகளில் 2019-20-ல் சுமார் 61.6 லட்சம் பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது 58 லட்சம் சொச்சம். பிள்ளை குறைந்தால் வரவு குறையும். கோவிட் காலத்தில் மத்திய அரசு கொடுத்த பணமும் போன செப்டம்பரோடு கெடு முடிந்தது. ஆக துண்டு விழுவது நாடகம் இல்லை, நிஜம். எங்கள் டிஸ்ட்ரிக்டிலும் இதே மாதிரி ஒரு பட்டியல் சுற்றுகிறது. இசைக்கு அடுத்த வரியில் ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார். மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளோடு உட்காருகிறவர் அவர். கிளாரினெட்டைக் காப்பாற்றினால் அவர் போவார். அவருக்காக மைக் முன்னால் நிற்க யாரும் டி-ஷர்ட் அச்சடிக்கவில்லை.

நம்மில் பாதிப் பேர் வயலின், மிருதங்கம், பாட்டு என்று மாதம் 150, 200 டாலர் வெளியே கட்டுகிறோம். முடிந்தவர்கள் கட்டட்டும். பள்ளி படிக்கக் கற்றுக்கொடுக்கட்டும்.


சப்_டீச்சர்
14 பிப்ரவரி 2025, மாலை 4:50

கணக்குப்பிள்ளை சார், திட்டவில்லை. ஆனால் 'முடிந்தவர்கள் கட்டட்டும்' என்பதைத் தாண்ட முடியவில்லை.

நான் நான்கு வருடமாக சப்ஸ்டிட்யூட் டீச்சர். இன்றைக்கு இந்தப் பள்ளி, நாளைக்கு அடுத்த பள்ளி. ஒரே டிஸ்ட்ரிக்டில் மலைமேல் இருக்கும் பள்ளிக்கும் ஃப்ரீவே ஓரத்துப் பள்ளிக்கும் போயிருக்கிறேன். மலைமேல் இசை வகுப்பு நின்றால் ஒன்றும் ஆகாது. பெற்றோர் சங்கம் ஒரு ஏலம் நடத்தும், ஒரு இரவில் பணம் சேரும், டீச்சர் திரும்பி வருவார். ஃப்ரீவே ஓரத்தில் நின்றால் நின்றதுதான். அங்கே ஒரு பையனிடம், போன மாதம், வாடகை வயலினா என்று கேட்டேன். ஸ்கூல் வயலின் என்றான். வீட்டுக்கு எடுத்துப் போவாயா என்றேன். மாட்டானாம். அவன் சித்தப்பா இரவு ஷிப்ட், பகலில் தூங்க வேண்டும், ஒரே அறை. அதனால் காலையில் ஏழரைக்கே பள்ளிக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வாசிக்கிறான். அவன் அப்பா அம்மா எந்த வெளி கிளாஸுக்குக் கட்டுவார்கள்?

கட்டணம் பற்றி ஒன்று. 'பேண்டு ஃபீஸ் வைத்துக்கொள்ளலாமே' என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். சொன்னால் ஹார்ட்ஸெல் வழக்கைக் காட்டுங்கள். 1978-ல் 13-ம் தீர்மானம் வந்து வீட்டு வரிக்கு உச்சவரம்பு போட்டது, பள்ளிகளுக்குப் பணம் சுருங்கியது. சான்டா பார்பரா பக்கம் ஒரு டிஸ்ட்ரிக்ட், இசை, நாடகம், விளையாட்டில் சேர 25 டாலர் என்று கட்டணம் வைத்தது. ஏழைகளுக்கு விலக்கும் வைத்திருந்தார்கள். அப்படியும் 1984-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கூடாது என்று சொல்லிவிட்டது. இலவசக் கல்வி என்றால் இவையும் அதில் சேர்ந்ததுதான், ஏழை என்று எழுதிக் கொடுத்து விலக்கு வாங்க வைப்பதும் சரியில்லை என்று. அதனால்தான் இன்றுவரை பேண்டு ஃபார்மில் 'விருப்ப நன்கொடை' என்று போட்டிருக்கும். கொடுக்காதவன் பெயரைப் பலகையில் எழுதினால் அது விருப்பமும் இல்லை நன்கொடையும் இல்லை.

ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். அவருக்கும் ஆள் வர வேண்டும்.


டிராம்போன்_அப்பா
14 பிப்ரவரி 2025, இரவு 9:30

கணக்குப்பிள்ளைக்கு இரண்டு விஷயம். 28-ம் தீர்மானப் பணத்தை ரீடிங் ஸ்பெஷலிஸ்ட்டுக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் அந்தப் பணத்தைப் பொறுத்தவரை 'இவரா அவரா' என்ற கேள்வியே வராது. பொது நிதியில் வரும். அதற்கு என்னிடம் விடை இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, வெட்டினால் எவ்வளவு மிச்சம் என்பதை அவர்கள் சொன்னபடியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2010-ல் எங்களுக்குக் கை கொடுத்தது மொஸார்ட் இல்லை, ஒரு சீனத்து அம்மா. ஆடிட்டர். ஆசிரியர் சங்க ஒப்பந்தத்தை முழுசாக உட்கார்ந்து படித்தார். நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு வாரத்தில் இத்தனை நிமிடம் பாடத் தயாரிப்பு நேரம் என்று ஒரு பிரிவு. அந்த நேரத்தில் பிள்ளைகளை யார் வைத்திருந்தார்கள்? இசை டீச்சர். அவரை எடுத்துவிட்டால் அந்த நேரத்துக்கு வேறு ஒருவரைச் சம்பளம் கொடுத்துப் போட்டே ஆக வேண்டும். மிச்சம் என்று காட்டிய தொகையில் பாதிக்குமேல் காணாமல் போயிற்று. அவர் அதைச் சொன்னபோது போன் பார்த்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து, நிதி அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. சாரல் அம்மா, உங்கள் ஊர் ஒப்பந்தமும் வெப்சைட்டில் இருக்கும். படித்துவிடுங்கள். எல்லா ஊரிலும் இந்தப் பிரிவு இருக்காது, இருந்தால் பெரிய துருப்புச் சீட்டு.

மிடில் ஸ்கூல் கணக்கு இன்னும் வேடிக்கை. பேண்டு மாஸ்டர் ஒருவர் ஐந்து வகுப்பு எடுக்கிறார். எங்கள் ஊரில் 60, 55, 48, 40, 37 என்று மொத்தம் 240 பிள்ளைகள். கணக்கு வாத்தியார் ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 32, மொத்தம் 160. பேண்டை நிறுத்தினால் அந்த 240 பேரும் ஆவியாகிவிட மாட்டார்கள், வேறு வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். ஒருவரை எடுக்க ஒன்றரைப் பேரைச் சேர்க்க வேண்டும்! ஆனால் இந்தக் கணக்கைத் தொடக்கப் பள்ளிக்குச் சொல்லாதீர்கள். அங்கே பிள்ளைகள் எப்படியும் வகுப்பாசிரியரிடம் இருப்பார்கள், இது பொருந்தாது. எதிர்த்தரப்பில் விவரமானவர் ஒருவர் இருந்தால் அங்கேயே மடக்கிவிடுவார். ஒரு கணக்கில் மாட்டினால் நாம் சொன்ன மற்ற எல்லாமும் போச்சு.

முழுசாக ஜெயித்தோமா என்று கேட்டால், இல்லை. ஐந்தாம் வகுப்பு தப்பியது, நான்காம் வகுப்பு போனது. அப்போது யாரும் கவலைப்படவில்லை, ஒரு வருடம் தள்ளி ஆரம்பித்தால் என்ன என்றோம். 2015 வாக்கில் ஹைஸ்கூல் பேண்டில் ட்யூபாவுக்கு ஆளில்லை, ஓபோ சுத்தமாக இல்லை. பிள்ளைகள் தாமதமாக ஆரம்பித்தால் சாக்ஸபோன், ட்ரம் என்று கண்ணுக்குப் பட்டதை எடுக்கிறார்கள். எங்கள் பேண்டு மாஸ்டர் கீபோர்டில் ட்யூபா பகுதியை வாசித்து ஒப்பேற்றினார். ஊர்வலத்தில் கீபோர்டை எங்கே கொண்டுபோவது?

பெர்க்லியில் வேறு வழி கண்டார்கள். 1986-லிருந்து பள்ளிகளுக்கென்று தனி வரி, அதில் இசைக்கும் பங்கு. அவ்வப்போது காலாவதியாகும், ஒவ்வொரு முறையும் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு நீட்டிக்கிறார்கள். அப்படி ஒரு வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அதுவும் 13-ம் தீர்மானம் வைத்த கட்டுதான். ஜாஸ் கலைஞர் ஜாஷுவா ரெட்மன் சாக்ஸபோன் வாசித்து வளர்ந்த ஹைஸ்கூல் அந்த ஊரில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த மாதிரி வரி இரண்டு தடவை தோற்றது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் 1979-ல் வாங்கிய வீட்டுக்கு, அதே 13-ம் தீர்மானத்தின் புண்ணியத்தில், நான் கட்டுவதில் எட்டில் ஒரு பங்குதான் வரி கட்டுகிறார். இரண்டு தடவையும் 'வேண்டாம்' பலகை வைத்தவர் அவர். நல்ல மனிதர், வருடா வருடம் எங்களுக்கு எலுமிச்சம்பழம் பறித்துக் கொடுப்பார்.


குற்றால_சாரல்
26 பிப்ரவரி 2025, அதிகாலை 12:20

இப்போதுதான் வீடு வந்தோம். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

டிராம்போன் சார் சொன்ன மாதிரியே வெள்ளி சாயங்காலம் அஜெண்டா வந்தது. 'குறிப்பிட்ட வகைச் சேவைகள்' என்ற தலைப்பில், ஏழாவது பக்கத்தில், இசை 3.0. பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. 28-ம் தீர்மான அறிக்கையைத் தேடித் தேடி, வெப்சைட்டில் சாப்பாட்டு மெனுவுக்குக் கீழே கண்டுபிடித்தேன். வந்த பணத்தில் பாதிக்குமேல் இன்னும் செலவழிக்காமல் இருக்கிறது! அதை மூன்று வருடத்துக்குள் செலவழிக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தில் தயாரிப்பு நேரப் பிரிவு எங்கள் ஊரில் இல்லை. அது ஏமாற்றம்தான்.

கூட்டம் ஏழு மணிக்கு. இடம் போதாமல் வராந்தாவில் நின்றோம். வெளியே புல்தரையில் ஹைஸ்கூல் பிள்ளைகள் யூனிஃபார்மோடு வாசித்துக்கொண்டிருந்தார்கள். பேச 71 பேர் பெயர் கொடுத்திருந்ததால் ஆளுக்கு ஒரு நிமிடம் என்றார்கள். என் முறை 38. சார் எழுதிக் கொடுத்த கேள்வியைக் கேட்டேன். குரல் நடுங்கியது, ஆனால் எண்ணைத் தப்பில்லாமல் சொல்லிவிட்டேன். நிதி அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். பையனைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போது மணி அடித்துவிட்டது.

39, அம்மா. தமிழில் பேசுகிறார், நான் மொழிபெயர்ப்பாளர் என்று சீட்டிலேயே எழுதியிருந்தோம். தலைவி பக்கத்தில் இருந்த வக்கீலைப் பார்த்தார், அவர் தலையாட்டினார், இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். அம்மா முதலில் மைக் உயரமாக இருக்கிறது என்று குறை சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பிறகு சொன்னது இது, எனக்கு நினைவிருக்கிற வரைக்கும்:

"நான் முப்பத்தொரு வருசம் பாட்டு டீச்சர். நான் ரிட்டயர் ஆன அன்னிக்கு என் எடத்துக்கு யாரும் வரல. அடுத்த வருசம் வருவாங்கன்னு சொன்னாங்க. ஆர்மோனியத்தைத் தையல் ரூம்ல வச்சாங்க. தையல் டீச்சரும் ரிட்டயர் ஆனாங்க, அந்த ரூமையும் பூட்டிட்டாங்க. நாலு வருசம் கழிச்சு ஒரு விழாவுக்குக் கூப்பிட்டாங்கன்னு போனேன். ஆர்மோனியத்தைத் திறந்தா உள்ள பூரா கரையான். காலைப் பிரேயர்ல பாட்டு ஸ்பீக்கர்ல ஓடுது, பிள்ளைங்க வாயே திறக்கல, சும்மா நிக்குது. யாரும் பாட்டை நிறுத்துங்கன்னு சொல்லல. ஒரு ஆளைப் போடல, அவ்வளவுதான்."

கரையான் என்பதற்கு ஆங்கிலத்தில் சட்டென்று வார்த்தை வரவில்லை எனக்கு. 'மரம் தின்னும் எறும்பு' என்று சொல்லிவைத்தேன். முன்வரிசையில் ஒரு ஹைஸ்கூல் பையன் சரியான வார்த்தையைச் சத்தமாக எடுத்துக் கொடுத்தான், எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். இரண்டு நிமிடம் தாண்டிவிட்டது. மணி அடித்தார்கள், அம்மா அதை யாருக்கோ போன் என்று நினைத்துத் தொடர்ந்தார்.

எங்களுக்குப் பிறகு ஒருவர் ரீடிங் ஸ்பெஷலிஸ்ட்டுக்காகப் பேசினார். அந்த நேரம் கூட்டம் கலைய ஆரம்பித்துவிட்டது. கணக்குப்பிள்ளை சார், உங்களை நினைத்துக்கொண்டேன். நாங்கள் கடைசிவரை உட்கார்ந்து கைதட்டினோம்.

ஓட்டெடுப்பை மார்ச் 11-க்குத் தள்ளிவைத்தார்கள்.


கணக்குப்பிள்ளை
26 பிப்ரவரி 2025, காலை 8:10

செலவழிக்காத பணம் இருக்கும்போது ஆளை எடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அதில் நான் உங்கள் பக்கம். மற்றபடி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு என் வணக்கம்.


சப்_டீச்சர்
26 பிப்ரவரி 2025, மதியம் 12:35

அக்கா, படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் அழுதேன், பக்கத்தில் இருந்தவர் என்ன ஆச்சு என்று கேட்டார். ஆர்மோனியம் என்றேன். ஒன்றும் புரிந்திருக்காது அவருக்கு.

அந்தத் தோழிக்கு இனி என்ன பதில் சொல்வீர்கள்?


குற்றால_சாரல்
12 மார்ச் 2025, இரவு 11:05

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஓட்டெடுப்பு முடிந்தது. 3-க்கு 2-ல் நோட்டீஸ் அனுப்ப முடிவாகிவிட்டது. நாய்க்காரர் எங்கள் பக்கம் ஓட்டுப் போட்டார், அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் கூடவே ஒரு தீர்மானம்: 28-ம் தீர்மானப் பணம் பள்ளிவாரியாக எவ்வளவு வந்தது, எவ்வளவு மீதம், இசைக்குப் பொது நிதியிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று நிதி அதிகாரி ஏப்ரல் 22 கூட்டத்தில் எழுத்தில் தர வேண்டும். அதைப் பார்த்துவிட்டு மே 15-க்குள் நோட்டீஸைத் திரும்பப் பெறலாமா என்று பேசுவார்களாம். டிராம்போன் சார், இது நல்ல அறிகுறியா, சும்மா கண்துடைப்பா? உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள்.

தோழிக்கு என்ன பதில் என்று சப்_டீச்சர் கேட்டிருந்தார். பதில் எதுவும் சொல்லவில்லை. போன சனிக்கிழமை அவரையே காரில் ஏற்றி, பள்ளி பேண்டு ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அறுபது பிள்ளைகள், பாதி ஸ்வரம் தப்பு. பாட்டு கிளாஸில் என் பையன் தனியாகப் பாய் விரித்து உட்கார்ந்து பாடுவான். இங்கே பக்கத்துப் பையன் தப்பு பண்ணும்போது தன் இடத்தை விடாமல் பிடித்துக்கொள்ளப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். தோழி பார்த்தார். "ரொம்பச் சத்தம்" என்றார். அவர் பெண் அடுத்த வருடம் ஃப்ளூட் எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாளாம், அடுத்த வருடம் ஒன்று இருந்தால்.

பையனுக்கு நம்பர் 2 ரீட் (கிளாரினெட் வாயில் பொருத்தும் சீவாளி மாதிரி) இனி மெல்லிசு, 2½-க்கு மாறச் சொல்லி டீச்சர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். இந்த வாரம் நோட்டீஸ் வாங்கப்போகிற மூன்று பேரில் அவரும் ஒருவர்.

அம்மாவுக்கு ஏப்ரல் 19-ம் தேதி டிக்கெட். 22-ம் தேதி இன்னொரு கூட்டம் என்று சொன்னதும், "அப்ப தள்ளிப் போடு, அந்த மைக்கை இறக்கி வைக்கச் சொல்லு" என்கிறார். தேதி மாற்ற 180 டாலராம். ஏர்லைன்ஸ் லைனில்தான் இப்போது காத்துக்கொண்டிருக்கிறேன், இருபது நிமிடமாக ஒரே சாக்ஸபோன் மெட்டு ஓடுகிறது.